மிளகு போடாத சூடம்

“மதினி, அந்தச் சூடத்த எடுத்த எடத்துலயே வைங்க. கோர்ட்டு என்ன முனியாண்டி கோயிலா?”

பொன்னையா தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அண்ணன் வீரய்யா ரிமாண்டுக்குப் போய் அன்றைக்குப் பதினெட்டாம் நாள், வழக்கும் அன்றைக்குத்தான். அண்ணன் பெண்சாதி அம்மாக்கண்ணு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகர டப்பாவிலிருந்து ஒரு கட்டி சூடத்தை எடுத்து, அதோடு கிடந்த இரண்டு மிளகையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மிளகு இல்லாத சூடம் காற்றோடு போய்விடும் என்பது லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

“பாத்ததச் சொன்னாப் போதும் மதினி. ஜீப்பு பின்னால வந்துச்சு, நம்ம சங்கத்துக் கொடிக்கம்பத்துல இடிச்சுச்சு, கண்ணாடி ஒடஞ்சுச்சு. அண்ணன் கல்லெறியல. அவ்வளவுதான?”

“சொல்லத்தான் போறேன். கேக்குற ஆளு யாரு வீட்டுல கை நனைச்சாருன்னு தெரிய வேணாமா?”

அங்கேதான் வினை. வழக்கை விசாரிக்கும் நீதவான் போன ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாவில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். கோழிக்கறியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். பரிமாறிய சமையல்காரன் கந்தப்பனே லயத்தில் வந்து சொன்னான். “ரோசாச் செடியப் பத்தித்தான் பேசினாங்க, வேற ஒண்ணும் பேசல” என்று அவன் சேர்த்துச் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. ரோசாச் செடிக்கு எதற்கு இரண்டு தடவை கோழி?

வழக்கு இதுதான். தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொடியேற்றிய அன்று கூட்டத்தைக் கலைக்கத் துரை வரவழைத்த பொலிஸ் ஜீப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் மோதியது. தோட்டத்துச் சனத்துக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அந்த ஜீப் கண்ணாடிக்காகக் கொழும்புப் பாராளுமன்றத்தில் ஒரு எம்.பி. கால்மணி நேரம் கண்கலங்கப் பேசினாராம். அதற்குப் பிறகு கண்ணாடியை உடைத்தது கம்பம் என்று எந்த இன்ஸ்பெக்டர் எழுதுவார்? கம்பத்தை ரிமாண்டில் போடவும் முடியாது. சங்கத் தலைவர் வீரய்யாவைப் போடலாம், போட்டார்கள்.

கொட்டகலையில் பஸ் ஏறி டவுன் கோர்ட்டுக்குப் போனார்கள். அம்மாக்கண்ணு சாட்சிக் கூண்டில் ஏறினாள். நீதவானுக்கும் சனத்துக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் முதலியார் யாழ்ப்பாணத்துக்காரர்.

“உண்மை சொல்லுவன் எண்டு உறுதி சொல்லு பிள்ளை.”

அவள் சூடத்தைக் கூண்டின் விளிம்பில் வைத்தாள். “சொல்றேங்க. மொதல்ல அய்யா இத ஏத்தி அணைக்கட்டும்.”

“எந்த ஐயா?”

“மேல உக்காந்திருக்கவரு.”

அந்தக் குளிரிலும் முதலியாருக்கு வேர்த்தது.

“எங்க லயத்துல ரெண்டு வீட்டுக்குச் சண்டைன்னா, தீர்ப்புச் சொல்ற பெரியவரு மொதல்ல முனியாண்டி முன்னால சூடம் அணைப்பாருங்க. ரெண்டு வீட்டுலயும் நான் கை நனைக்கலன்னு சத்தியம். நனைச்சிருந்தா எந்திரிச்சுப் போயிருவாரு. யாரும் கோவிக்க மாட்டோம். அய்யா அணைச்சா நானும் அணைக்கிறேன்.”

முதலியார் வேறு வழியில்லாமல் அதை இங்கிலீசில் சொன்னார். நீதவானின் காது சிவந்தது. கோர்ட்டை அவமதித்த குற்றம் என்றார். முதலில் அந்த வழக்கு, பிறகுதான் ஜீப் வழக்கு, ஐந்து வாரம் தள்ளி வைக்கிறேன், அதுவரை வீரய்யா ரிமாண்டில் இருக்கட்டும் என்றார். இன்ஸ்பெக்டர் எழுந்து, இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரும் எதுவும் நம்பத் தகுந்ததல்ல என்று பதிந்துகொள்ளச் சொன்னார். சூடம் சான்றுப் பொருள் ஆனது. ஒரு கான்ஸ்டபிள் அதைக் காகிதத்தில் மடித்து அரக்கு முத்திரை வைத்தான்.

“அய்யா, ரெண்டு மொளகு போட்டு மடிங்க.”

“வாயப் பொத்து.”

யாரையும் நம்பாத நீதவான் அந்தப் பொட்டலத்தைத் தன் அறை அலுமாரியில் தானே பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மதினி, அண்ணனுக்கு அஞ்சு வாரம் வாங்கிக் குடுத்துட்டீங்க” என்றான் பொன்னையா. லயத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு ரொட்டி கட்டிக்கொண்டு போய் ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

“அணைச்சாரா?” என்று கேட்டார் வீரய்யா.

“இல்ல.”

“அப்பத் தெரிஞ்சு போச்சுல்ல. ரொட்டிக்குச் சம்பல் வச்சியா?”

ஐந்து வாரம் கழித்துக் கோர்ட்டில் பொட்டலத்தை எடுத்தார்கள். அரக்கு அப்படியே இருந்தது. பிரித்தால் உள்ளே வாசனை மட்டும் இருந்தது.

கான்ஸ்டபிள் கிளார்க்கைப் பார்த்தான். கிளார்க் பியோனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், இது சங்கத்துக்காரர்களின் திருட்டு என்றார். அலுமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அதோடு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “கோழி பத்தாம சூடமும் கேக்குதோ?”

நீதவான் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சாட்சி? அந்த நிமிஷம் அவர் நிலைமையும் வீரய்யா நிலைமையும் ஒன்றுதான். முதலியார் குனிந்து, அன்றைக்கு இந்தப் பெண் மிளகைப் பற்றி ஏதோ சொன்னாள் என்று நினைவூட்டினார். அம்மாக்கண்ணுவைக் கூண்டில் ஏற்றினார்கள்.

“கரைஞ்சு போயிருக்கும்ங்க. மொளகு போடாத சூடம் அப்படித்தான், தானாப் போயிரும். அய்யா எடுக்கலீங்க. நான் சொல்றேன்.”

நீதவான் மூச்சு விட்டார். இவள் பேச்சை நம்பக்கூடாதென்று முன்பே சொல்லியிருக்கிறோமே என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். நீதவான் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

“சூடந்தான் போச்சே, இதையும் கேட்டுக்குங்க” என்று அவள் ஜீப் கம்பத்தில் இடித்ததையும் கண்டபடியே சொல்லி இறங்கினாள்.

பொன்னையா கந்தப்பனின் விலாவில் இடித்தான். “ஒண்ணு நெசம்னா மத்ததும் நெசந்தான? அண்ணன் வந்தாச்சுன்னு வச்சுக்க.”

மத்தியானம் தீர்ப்பு வந்தது. முதலியார் படித்துச் சொன்னார். முதல் பத்தி: இவள் எளிய, நேர்மையான, பொய் அறியாத பெண். சூடம் தானாகவே மறைந்தது. அவமதிப்பை மன்னித்தோம். இரண்டாம் பத்தி: ஜீப்பைப் பற்றி இவள் சொன்னது முழுப் பொய். வீரய்யாவுக்கு ஆறு மாதம்.

அம்மாக்கண்ணு முதலியாரிடம் கேட்டாள். “ரெண்டும் என்னையத்தானுங்களா?”

“ஓம் பிள்ளை. ஒரே தாளிலைதான் கிடக்கு.”

கைவிலங்கோடு நின்ற வீரய்யாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்து, அன்றைக்குப் பொட்டலத்தில் போடாமல் விட்ட அந்த இரண்டு மிளகையும் சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

“இது அய்யாவுக்கு. அந்தத் தாள மடிக்கிறப்பப் போட்டு மடிக்கச் சொல்லுங்க.”

முதலியார் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அவள் போன பிறகு கான்ஸ்டபிள் மிளகை எடுக்கக் கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். எடுத்தால் அது சான்றுப் பொருள். பிறகு காகிதம், அரக்கு, அலுமாரி, சாவி. கிளார்க்கும் தொடவில்லை. பியோன் அதைச் சுற்றித் துடைத்தான். மாடு திருடியவனும் வேலி தாண்டியவனும் அந்தக் கூண்டில் ஏறி, கையை மிளகுக்குத் தள்ளி வைத்துக்கொண்டே உறுதிமொழி சொன்னார்கள்.

வீரய்யா ஆறு மாதம் கழித்து லயத்துக்குத் திரும்பிய அன்றும் அவை அங்கேயே இருந்தன. மிளகாயிற்றே, கரையவில்லை.