தடித்த கம்பிகள் இரண்டு

அறுவைச் சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. இடது காது பதினெட்டு வருஷத்துக்கு முன்பே ஒரு கட்டியால் போய்விட்டது. இப்போது வலது காது நரம்பிலும் அதே கட்டி. விட்டால் மூளைத்தண்டை அழுத்தும், எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தால் காது என்னவாகும் என்று என் மனைவி வெர்னிஸ் கேட்டாள். அதுவும் போய்விடும் என்றார்.

என் பெயர் ஹோரஸ் டக்கெட். பிட்ஸ்பர்க்கில் இருபத்தொன்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவன். குடி, சூதாட்டம், மீன்பிடி என்று எதிலும் ஆசை இருந்ததில்லை. ஒரே பைத்தியம், ஜாஸ் கிடார். அதையும் பெரிய அரங்கில் கேட்கப் பிடிக்காது. பென் அவென்யூவில் டாலிவர் உணவகத்தின் பின்னறையில் முப்பது நாற்காலி போட்டிருப்பார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நானும் வெர்னிஸும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவோம். வாசிப்பவரின் மூச்சுக்கூடக் கேட்கும்.

ஓஹியோவிலிருந்து ரோவீனா என்ற பெண் வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எங்களைப் பார்த்து, "சத்தம் அதிகமா இருக்கா?" என்று கேட்பாள். எல்வுட் கிரேடி உள்ளூர்க்காரர். ஒருநாள் அவருடைய கம்பி அறுந்து என் கன்னத்தில் சுளீரென்று பட்டது. இடைவேளையில் அடுப்படி வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு, அவருக்கென்று வைத்திருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்புத் துண்டை என் கையில் கொடுத்தார்.

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனே. பஸ்ஸ ஓட்டிக்கிட்டே தலையாட்டுற ஆளு நீதானே?"

"ஆமாங்க, மிஸ்டர் கிரேடி."

"நல்லா ஆட்டு. ஆனா ரோட்டையும் கொஞ்சம் பாரு, டிரைவர்."

அன்றிலிருந்து நான் அவருக்கு டிரைவர். கிடார்ப் பெட்டியோடு அவர் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால், கால அட்டவணை எக்கேடோ கெடட்டும் என்று நிறுத்தி வைத்திருப்பேன்.

இந்த ஒன்பது நாளில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிடார். வீட்டு இசைத்தட்டுகள் உதவவில்லை. காது ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததால் எல்லாம் தகரத்தில் மழை பெய்வதுபோலக் கேட்டது. டாலிவர் உணவகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ரோவீனாவின் எண்ணைத் தேடிப் பிடித்தோம். அவள் இறந்து நான்கு வருஷம் என்றான் அவள் மகன். அதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. நான் சாப்பிடவில்லை. இரவில் வெர்னிஸ் தூங்கிய பிறகு தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு கத்தினேன். என் கத்தல் என் காதிலேயே பாதிதான் விழுந்தது.

எல்வுட் உயிரோடு இருந்தார். எண்பத்தொரு வயது. மனைவி போனபிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்றார்கள். வெர்னிஸ் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். முடியாது என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனோம். சங்கிலியைக் கழற்றாமல் கதவை நான்கு விரல் அகலம் திறந்து, என் காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னார்.

"டிரைவர், உன்மேல எனக்குக் கோவம் இல்ல. இந்த விரலப் பாரு, மடங்க மாட்டேங்குது. நீ கடைசியா கேக்குறது என்னோட தடுமாத்தமா இருக்கணுமா? போய்யா, வேற ஆளப் பாரு."

கதவு மூடிக்கொண்டது. படியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயது ஆண் பட்டப்பகலில், தெருவே பார்க்க.

வெர்னிஸ் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"மிஸ்டர் கிரேடி, நான் பேசறது கேக்குதுல்ல? உங்களுக்குக் காது இருக்கு. மழை, பனின்னு பாக்காம இந்த மனுஷன் உங்களுக்காக பஸ்ஸ நிறுத்தினாரு. ரெண்டு தடவ மேலதிகாரிகிட்ட விளக்கம் எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. நல்லா வாசிங்கன்னு யாரு கேட்டா? வாசிங்கன்னுதான் கேக்கறோம்."

பிறகு சங்கிலி கழன்றது. "உன் பொண்டாட்டி பேச்சுக்குப் பயந்துதான் தெறக்குறேன்," என்றார் எல்வுட்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். கம்பிகளில் துரு ஏறியிருந்தது. சுருதி சேர்க்கவே கால்மணி நேரம் ஆனது. நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் இடிக்கும் அளவுக்கு அவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

வாசித்தார். எனக்கு எதுவும் புரியவில்லை. அது என்ன பாட்டு என்றுகூடத் தெரியவில்லை. சரசரவென்று காகிதத்தைக் கசக்கும் சத்தம்தான் கேட்டது. நடுவில் விரல் வழுக்கி அவர் கெட்ட வார்த்தை முணுமுணுத்தது உதட்டசைவில் தெரிந்தது. நான் தலையாட்டினேன், பஸ்ஸில் ஆட்டியது போல.

அவர் நிறுத்தினார். என் காதருகே குனிந்து, "பொய் சொல்லாத. கேக்கல, இல்ல?" என்றார்.

"கேக்கல."

வெர்னிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நிமிடம் செத்துப்போயிருந்தால் நிம்மதி என்று தோன்றியது. தேடியலைந்தது கையில் கிடைத்தும், அதை வாங்க என்னிடம் காது இல்லை.

எல்வுட் கிடாரைக் கீழே வைக்கவில்லை. மெல்லிய கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி என் முகத்தைப் பார்த்தார். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. நான்காவதும் இல்லை. ஐந்தாவதைத் தட்டியபோது என் உடம்பு நிமிர்ந்தது. வட்டமான, கனமான ஒரு சுரம். ஆறாவது இன்னும் தெளிவு.

"இந்த ரெண்டும் கேக்குதா?"

"கேக்குது."

"நல்லதாப் போச்சு. என் கட்டைவிரல் ஒண்ணுதான் இன்னும் சொன்ன பேச்சக் கேக்குது."

அந்தத் தடித்த இரண்டு கம்பிகளில் மட்டும் மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போனார். ஒருமணி நேரத்துக்கு மேல் இருக்கும். இருட்டியபோது வெர்னிஸ் எழுந்து விளக்கைப் போட்டாள்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. கண் விழித்தபோது வெர்னிஸின் வாய் அசைந்தது, சத்தம் எதுவும் வரவில்லை. மௌனம் வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது மண்டைக்குள் ஓயாத ஓர் இரைச்சல். எல்வுட் வாசித்ததை அதற்குள் எவ்வளவோ தேடினேன். ஒரு சுரம்கூடத் திரும்பவில்லை. முதல் மாதம் முழுக்க, எதற்காகப் பிழைத்தேன் என்று வெர்னிஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் எல்வுட் எங்கள் வீட்டுக்கே வந்தார், கிடாரோடு. புதுக் கம்பிகள் போட்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து வாசித்தார். நான் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் என்னோடு பேச வெர்னிஸ் வைத்திருந்த சிறு பலகையை வாங்கி எழுதிக் காட்டினார்:

"இனிமே எனக்கு நீதான் நல்ல ரசிகன், டிரைவர். எத்தன தப்பு விட்டாலும் கண்டுபிடிக்க மாட்ட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையைத் துடைத்து, "அடுத்த ஞாயிறும் வாங்க" என்று எழுதினேன்.