பிள்ளைப்பேற்றுப் பை

இரண்டாயிரத்து இருபத்திரண்டு யூலையில், வெள்ளவத்தைக் காலி வீதியில் பெற்றோல் கியூ நாட்கணக்காய் நின்ற நேரம், சாம்பவிக்கு இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளைப்பேற்றுத் திகதி. தலைப்பிள்ளை. அவர்களுடைய கார் கீழே தூசி படிந்து கிடந்தது. பிள்ளை பிறக்கவேண்டிய ஆஸ்பத்திரியோ பொரளையில். வலி வந்தால் எதில் போவது என்று யோசித்தே அவளுக்கு நித்திரை போயிற்று.

வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவிச்சி பாலேஸ்வரியிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

“பெறுறது ஆஸ்பத்திரியிலதான், அதில மாற்றமில்லை,” என்றார் பாலேஸ்வரி. “ஆனா வாகனம் பிந்தினா வெறுங்கையோட நிக்கக்கூடாது. எழுதுங்கோ.”

எழுதியது அவளுடைய கணவன் ஜனா. காப்புறுதிக் கம்பனியில் வேலை. எதையும் அரைகுறையாய் விடத் தெரியாதவன். தண்ணீர் ஊறாத றெக்சின் விரிப்பு, தோய்த்து வெயிலில் காயவிட்டு இஸ்திரி போட்ட பருத்திச் சீலைகள், ஆறு துவாய், உறை பிரிக்காத கையுறைகள், சவர்க்காரம், பஞ்சு, குழந்தைக்குத் தொப்பி, கரண்ட் போனால் ரோச்லைற்.

“கத்தரிக்கோல் போடேல்லையே, மிஸ்?”

“வேண்டாம். கொடியை நீங்கள் வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. பிள்ளையைத் துடைச்சு, தாயின்ர நெஞ்சில போட்டு, ரெண்டு பேரையும் சேர்த்து மூடுங்கோ. மிச்சத்தை அம்புலன்ஸில வாறவை பார்ப்பினம்.”

துடைத்துப் பழகவேண்டுமென்று ஜனா சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தான். இரண்டு பின்னேரம் அதைத் துவாயால் துடைத்து, சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி கூடத்துக்குள் நடந்தான். மூன்றாம் நாள் சாம்பவி அதை வெட்டிக் கறி வைத்தாள். ஜனாவால் ஒரு துண்டுகூட விழுங்க முடியவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு அதே கட்டடத்து இரண்டாம் மாடி அர்பா மூச்சு முட்டச் சிரித்தாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான். சாம்பவிக்குப் பத்து நாள் பிந்திய திகதி. அவளுடைய மூத்த மகள் கொட்டாஞ்சேனையில் உம்மம்மா வீட்டில் நின்றாள். “நான் ஒண்டும் கட்டி வெக்கல்ல அக்கா,” என்றாள். “எங்கட ஊட்டுல திரீவீல் ஈக்குதானே.”

அந்தத் திரீவீலோடு அவளுடைய கணவன் முர்ஷித் கியூவில் இரண்டாம் நாளாய் நின்ற செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சாம்பவியின் கதவை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். திறந்தாள். அர்பாவின் மாமியார் லுத்பியா, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றார்.

“மகள், அர்பாவுக்குத் தண்ணி ஒடஞ்சிட்டு. அம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ரோட்டு அடைச்சுக் கிடக்காம், சுணங்குமாம். அவ இப்பவே முக்குறா.”

ஜனா சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். சாம்பவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் ஜனா கட்டி வைத்திருந்த பையை எடுத்து லுத்பியாவின் கையில் கொடுத்தாள். கரண்ட் இல்லாததால் லிஃப்ற் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, வயிற்றைத் தாங்கி, ஒவ்வொரு படியாய் இறங்கினாள். இறங்கும்போதே பாலேஸ்வரிக்கு அழைப்பெடுத்தாள்.

“ஸ்பீக்கரில போடுங்கோ,” என்றது பாலேஸ்வரியின் குரல். “முதல்ல கையைக் கழுவுங்கோ. வடிவாக் கழுவுங்கோ.”

விரிப்பைப் போட்டார்கள். சீலையை விரித்தார்கள். லுத்பியா கையுறை மாட்டினார். அவசரத்தில் முதல் சோடி கிழிந்தது, இரண்டாவது சரிவந்தது. சாம்பவி அர்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா ஈக்கு அக்கா.”

“எனக்கும்தான். என்னைப் பார். மூச்சை விடு.”

“தலை தெரியுதோ?” பாலேஸ்வரி கேட்டார்.

“தெரியுது. நல்ல கறுப்பு மயிர்,” என்றார் லுத்பியா. அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

“இழுக்காதேங்கோ. தாங்கிப் பிடியுங்கோ, காணும். அது தானா வரும்.”

வந்தது. வழுக்கிக்கொண்டு முழுப் பிள்ளையும் லுத்பியாவின் கைகளில் வந்து விழுந்தது. பெண். ஒரு சத்தமும் இல்லை. “துடையுங்கோ, முதுகை நல்லா உரஞ்சுங்கோ,” என்றார் பாலேஸ்வரி. சாம்பவி துவாயை எடுத்து, பூசணிக்காயோடு ஜனா செய்ததைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமானபடி உரஞ்சினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு அந்த மாடிக்கட்டடம் முழுதும் கேட்க வீரிட்டது. போனின் அந்தப் பக்கம் பாலேஸ்வரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அம்புலன்ஸ் வந்தபோது குழந்தை தாயின் நெஞ்சில் தொப்பியோடு கிடந்தது. கொடியை வெட்டிய இளைஞன் அறையைச் சுற்றிப் பார்த்து, யார் இவ்வளவையும் தயார் பண்ணினது என்று சிங்களத்தில் கேட்டான். லுத்பியா சாம்பவியின் வயிற்றைக் காட்டினார். அவன் சிரித்துவிட்டு, அப்படியானால் இவவையும் இப்போதே ஏற்றட்டுமா என்றான்.

பின்னேரம் வந்த ஜனா வெறும் பையைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

“அப்ப எங்களுக்கு?”

“திரும்பக் கட்டுவம்,” என்றாள் சாம்பவி. “எனக்கு இப்ப எல்லாம் தெரியும். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ.” அன்றிரவு அவள் விடியும்வரை அயர்ந்து தூங்கினாள்.

மறுநாள் முர்ஷித்துக்குப் பெற்றோல் கிடைத்தது. அதில் அவன் ஒரு சவாரிகூட ஓடவில்லை. திரீவீலை வாசலோடு நிறுத்தி, திறப்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பதினோராம் நாள் விடிய, சாம்பவிக்கு வலி கண்டது. ஜனா கதவைத் தட்டி முடிக்குமுன் முர்ஷித் படியிறங்கிவிட்டான்.

“ஜனா அண்ணன், நீங்க அக்காவைப் புடிச்சுக்கொண்டு மெதுவா வாங்க. நான் ஸ்டார்ட் பண்றன்.”

வேறு வாகனம் ஓடாத விடியல் வீதியில் இருபது நிமிடத்தில் பொரளை. மத்தியானம் மகன் பிறந்தான், மூன்று கிலோ இருநூறு. லேபர் அறைத் தாதி துடைத்து, சுற்றி, ஜனாவின் கையில் கொடுத்தபோது அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பழகிய பிடியைப் பார்த்து, “மூத்த பிள்ளைகள் இருக்குதோ?” என்று கேட்டாள்.

ஜனா அழுதுகொண்டிருந்தான். சாம்பவிதான் கட்டிலில் கிடந்தபடி, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.