ஜன்னலோரம் மூன்று நாள்

மூன்றாவது தடவையும் நரம்புச் செல்கள் செத்துப்போயின என்ற செய்தி வந்தபோது அவள் சீசா கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ ஆள் இருந்தது. ஆனால் இன்னொருவர் கழுவியதில் அவளுக்கு நம்பிக்கை வராது. அதனால்தான் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ‘சுத்தம்’ என்றே பெயர். வேதியியலில் இருபது வருட அனுபவம். அவள் செய்து கொடுத்த பொருளில் ஒரு துளி கலப்பு இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. பழுப்புக் கண்ணாடிச் சீசா, அதன்மேல் அலுமினியத் தாள், தாளின்மேல் தேதியோடு அவள் கையெழுத்து. கைக்குழந்தையைக்கூட இப்படிப் போர்த்தி எடுத்துப்போக மாட்டார்கள்.

அவள் அண்ணனுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். அதற்குத்தான் அவர்கள் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பித்தானை இப்போது அண்ணிதான் போட்டுவிடுகிறாள். “உன் மருந்து கடைக்கு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன். பரவால்ல விடு, பின்னால வர்றவனுக்காவது கெடைக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியாது. மறுநாள் அரைமணி முன்னதாகவே வேலைக்கு வந்துவிடுவாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால், அவள் கொடுத்த முதல் கரைசலில் நரம்புச் செல்கள் பிழைத்துக்கொண்டன. மேல்மாடியில் செல் வளர்க்கிறவள், எல்லோருக்கும் ‘செல்லம்மா’, நான்கு படி ஒரே தாவலாக இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கேக் வெட்டினார்கள். கீழ்த்தளத்தில், மருந்து மூலக்கூறு நோய்க்குக் காரணமான புரதத்தின் குழியில் பொருந்துகிறதா என்று கணினித் திரையில் பார்க்கிற ‘கணக்கு வாத்தியார்’ மட்டும் தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். “இது நேரா குச்சி மாதிரி இருக்கு. அந்தப் புரதத்துக் குழியில உக்காரவே உக்காராது” என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். அன்றைக்கு அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். முன்னால் நின்று ஓட்டியவள் சுத்தம்தான்.

பிறகு மூன்று முறை புதிதாகச் செய்து கொடுத்தாள். மூன்றும் பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். முதல் தடவை இவள்தான் ஏதோ குளறுபடி செய்திருப்பாள் என்று சாப்பாட்டு மேஜையில் பேச்சு. அவளும் சும்மா இருக்கவில்லை, செல்லம்மா செல் வளர்க்கிற தட்டுகளைக் குறை சொன்னாள். ‘ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்’ என்று யாரோ முனகியது அவள் காதிலும் விழுந்தது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

வியாழக்கிழமை காலை செல்லம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.”

“சொல்லு.”

“அந்த மொத சீசா... தாளைப் பிரிச்சு, சின்னக் கண்ணாடிக் குப்பியில ஊத்தி வச்சேன். அப்பப் பாத்து பள்ளிக்கூடத்துலேர்ந்து போன், பையனுக்கு ஜுரம்னு. குப்பிய ஜன்னலோரம் வச்சுட்டு ஓடிட்டேன். நடுவுல மூணு நாள் லீவு. வந்து பாத்தா லேசா மஞ்சளாயிருந்துச்சு. என்ன ஆயிடப்போவுதுன்னு அதையே செல்லுல போட்டுட்டேன். நோட்டுல எழுதல. வேல செஞ்சதும் எல்லாரும் கேக் வெட்டுறீங்க, அப்ப எந்த வாயால சொல்றது? அப்புறம் பயம்.”

சுத்தத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான்கு மாதம்! அதில் பாதி, ஊர் வாயெல்லாம் அவள் பெயரை மென்ற நாட்கள். திட்டுவதற்கு வாய் திறந்தவள், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள். வெளிச்சம் பட்டால் அந்த மூலக்கூறு நடுவில் மடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தாளைச் சுற்றினாள். கெட்டுப்போவது என்றுதான் அதை இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வெளிச்சம் படாத மூன்றும் பலிக்கவில்லை, பட்ட ஒன்றுதான் பலித்தது.

“எந்த ஜன்னல்?” என்றாள்.

இரண்டு பேரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். கணக்கு வாத்தியார் டிபன் டப்பாவைத் திறந்த கையோடு நிமிர்ந்தார். இத்தனை நாளில் அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

“சார், அது நடுவுல மடங்கினா?”

அவர் டப்பாவை மூடிவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். குச்சியை வளைத்தார், திருப்பினார், குழிக்குள் இறக்கினார். அது சொந்த வீட்டுக்குள் போவதுபோலப் போய் உட்கார்ந்தது.

“நாலு மாசமா இதை யாரும் என்கிட்ட வந்து கேக்கல மேடம்” என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

“தப்பு என்னோடது சார். அன்னிக்கு உங்கள ஓட்டினதும் நான்தான்.”

“கேக்கு நல்லாயிருந்துச்சு, விடுங்க.”

செல்லம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நாளைக் கூட்டத்தில் தானே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகவும், வேலை போனாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள். சுத்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு பேரும் சேந்து சொல்லுவோம். நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நாளையோட எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்கண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? நீ நல்லா இருக்கணும்.”

நன்றி என்ற சொல் அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. பிடித்த கையை விடாமல் மாடிப்படி ஏறினாள்.

மேல்மாடி ஜன்னலில் வெயில் அரை அடிக்கு விழுந்திருந்தது. சுத்தம் தன் சீசாவின் தாளைத் தானே பிரித்தாள். தெளிந்த கரைசலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயிலில் வைத்தாள். செல்லம்மா நோட்டைத் திறந்து மணியை எழுதினாள். வாத்தியார் ஆறிப்போன டப்பாவோடு பின்னால் நின்றார். நாளைக்குள் முடிவு தெரியாது. தலைவர் இன்னும் சில நாள் கொடுப்பாரா என்பதும் தெரியாது. யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் ஓரமாக விலகியது. சுத்தம் ஒற்றை விரலால் குப்பியை மெல்லத் தள்ளி, மறுபடி வெயிலுக்குள் கொண்டுபோனாள்.