இரண்டு பெராக்சைடு பாட்டில்கள்

பேருந்து ஓட்டுநரான அக்கா, மாரடைப்பு வந்ததிலிருந்து தங்கை வீட்டில்தான் இருந்தாள். நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அவளோ படியிறங்கவே பயந்து போர்வைக்குள் சுருண்டுகிடந்தாள்.

தங்கைக்கு ஆய்வகத்தில் வேலை. இதயத் தசைச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, பெராக்சைடு என்ற ரசாயனத்தை விட்டு, புரதங்களைக் கெடுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தருவாள். கெட்டுப்போன புரதங்களைச் செல்கள் எப்படி உடைத்து அகற்றுகின்றன என்று பார்ப்பாள். அழுத்தம் வந்தால் அந்த வேலை படுத்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஆனால் முதலில் செய்த கிண்ணங்களில் அது முன்னைவிட மும்முரமாக நடந்தது. பிறகு செய்தவற்றில் படுத்துவிட்டது.

"முதல்ல கை தவறியிருக்கும். அதையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க," என்றார் ஆய்வகத் தலைவர்.

அவளுக்கு மனசு வரவில்லை. என்னதான் மாறியது என்று யோசித்தாள். பாட்டில்! முதலில் பயன்படுத்தியது, பலமுறை திறந்து மூடிய பழைய பெராக்சைடு; பிறகு எடுத்தது புதிய பாட்டில். பழையதை அளந்து பார்த்தாள். அதன் வீரியம் பாதிக்கும் கீழே போயிருந்தது.

புதிய பாட்டிலிலிருந்தே எடுத்து, பழையதன் வீரியத்துக்கு வரும்படி நீர்க்கச் செய்து, செல்களில் ஊற்றினாள். செல்கள் மறுபடி சுறுசுறுப்பாயின. லேசான அழுத்தத்தில் கெட்ட புரதத்தை வேகமாக உடைத்தன. அழுத்தம் எல்லை மீறியபோதுதான் உடைக்கும் அமைப்பே பழுதாகி, புரதம் தேங்கியது.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்த தங்கை இதையெல்லாம் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ என் இதயமும் தானா சுத்தம் பண்ணிக்குமா?"

"அக்கா, அது கிண்ணத்துல இருக்கற செல். அதை வச்சு உனக்கு எதுவும் சொல்ல முடியாது."

"சொல்லாட்டி போடி. கண்ணுக்கே தெரியாத அதுக்கு அவ்வளவு தெம்பு இருக்கறப்போ, நான் மட்டும் ஏன் முடங்கிக் கிடக்கணும்? என் செருப்பு எங்க?"

தங்கையின் தோளைப் பிடித்துப் படியிறங்கினாள். மருந்துக்கடை வாசலில் மூச்சு வாங்கியது.

"ஸ்டாப்பிங் வந்தாச்சு. இறங்கறவங்க எல்லாம் இறங்குங்க," என்று சுவரில் சாய்ந்து சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து மேலே நடந்தாள்.

அதன்பின் தினமும் நடந்தாள். அடுத்த பரிசோதனையில் அவள் இதயம் ரத்தத்தை முன்பைவிட நன்றாக இறைப்பதாக மருத்துவர் சொன்னார்.

"பஸ் ஓட்டறதைப் பத்தி அப்புறமா பேசலாம்."

"அப்புறம்னா எப்போ டாக்டர்?" என்று அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.