தெரு பார்க்காத பாய்

அறுபத்தேழு ஆவணியில், பருத்திப்பட்டு வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: வீட்டுக்காரி பொன்னியம்மா, ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் மகன் குணசேகரன், வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்த நாத்தனார் முனியம்மா, தையல் காயத்தைப் பார்க்க வந்த நர்சம்மா ஜுலைகா. சமையற்கட்டுக் கதவோரம் மருமகள் நாகவல்லி. வேறு ஒருவரும் இல்லை.

நாகவல்லிக்குக் குடல்வால் வெடித்து, பெரிய ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். அதன் பிறகு மாதவிலக்கு வரவில்லை, அவள் தூரமாகவே இல்லை. தூரமான பெண்கள் மூன்று நாள் வாசலில் கூரை இறக்கிய சார்ப்பில் பாய் விரித்துத் தனியே இருப்பது அந்த வீட்டு வழக்கம். சார்ப்பு காலியாகவே கிடந்ததைத் தெரு கவனித்துவிட்டது.

"கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்கன்னு பேசிக்கினு கீறாங்க, அண்ணி. நம்ம பையனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்" என்றாள் முனியம்மா.

"நான் இன்னா சந்தை மாடா, அத்தே?" என்றான் குணசேகரன்.

ஜுலைகா சிரித்துவிட்டாள். "ஜொரம் அடிச்சி, சோறு எறங்காம கெடந்த ஒடம்பு. நாள் தள்ளத்தான் தள்ளும். தேறினா தன்னால வரும். வரலன்னா டாக்டரம்மாகிட்ட காட்டலாம்."

"அதுவரிக்கும் சும்மானாச்சும் மூணு நாள் சார்ப்புல உக்காரச் சொல்லு அண்ணி. ஊர் வாய் மூடிக்கும்."

பொன்னியம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "எங்க ஊட்ல வேஷம் கட்ற வழக்கம் இல்ல. காபி ஆறுது, குடி."

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, நாகவல்லி சுருட்டிய பாயோடு வாசலுக்கு நடந்தாள். முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக இருந்தன.

"அத்தே, நான் தூரம்."

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அந்தப் பாயைச் சார்ப்பில் விரித்தால் போதும், ஐந்து மாதப் பேச்சு அன்றே அடங்கிவிடும். பொன்னியம்மா சார்ப்பைப் பார்த்தாள், தரையெல்லாம் சாரல். மருமகளைப் பார்த்தாள், ஒரு கை தையல் மேலேயே இருந்தது.

"எங்கடி போற? ஈரத்துல படுத்தா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?"

"தெருவுல பேசுவாங்க, அத்தே."

"பேசட்டும். உள்ள வா."

பாயைப் பிடுங்கித் தன் கட்டிலின் பக்கத்தில் தன் கையாலேயே விரித்தாள். அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பிறகு சுடச்சுடக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"நீ தூரம்னு குணசேகரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ குடி."

நாகவல்லிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாக வேப்பம்பட்டில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. எடுத்தது குடல்வால்.