பதினேழு எண்பத்தொன்பது மணி ரயில்

ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை அவளுடையது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எவ்வளவு தாமதம் என்று பதினோரு வருடமாக அங்கிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு பட்டம் வாங்கியே தீருவது என்று பிடிவாதம். அஞ்சல் வழியில் சேர்ந்து, முக்கி முனகி, மற்ற பாடங்களையெல்லாம் தாண்டிவிட்டாள். உலக வரலாறு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. தேற நாற்பது வேண்டும். முதல் முறை முப்பத்தொன்று, அடுத்த முறை முப்பத்தாறு. இது மூன்றாவது. இதிலும் கவிழ்ந்தால் பதிவு காலாவதி. ஐந்து வருடப் படிப்பும் அம்போ.

மூளையில் குறை ஒன்றும் கிடையாது. வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும், அதுவும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டால்தான். மற்ற பாடங்களுக்கெல்லாம் அம்மா இருந்தாள். அம்மாவுக்கு அதில் ஒரு வரியும் புரியாது. துணி மடித்துக்கொண்டே கேட்பாள். இவள் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே இவள் பாடம் முழுவதையும் கடந்துவிடுவாள். வரலாற்றுப் புத்தகம் தபாலில் வருவதற்கு இருபது நாள் முன்னால் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை.

தம்பியைக் கெஞ்சிப் பார்த்தாள். அவனும் பெரிய மனது பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்தான்.

"சொல்லுக்கா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எடுத்துவிட்டாள். காலியான கஜானா, எகிறிய ரொட்டி விலை, வரியே கட்டாத பிரபுக்கள், எல்லா வரியையும் சுமந்த ஏழைகள். இருபது நிமிடம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தனக்கே ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

"டேய், எதையாவது விட்டுட்டேனா?"

இரண்டு முறை கூப்பிட்ட பிறகு தம்பி மனைவியின் குரல் வந்தது.

"அண்ணி, நீங்களா? அவர் குளிக்கப் போய் ரொம்ப நேரமாச்சே. போன் மேசை மேல கிடந்துச்சு. ஏதாவது அவசரமா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

போனை வைத்த பிறகு அவளுக்கு வந்தது கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. மேசைக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த வெட்கம்தான்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது அந்தத் தப்பு நடந்தது. மைக்குக்குப் பக்கத்தில் புத்தகம் திறந்து கிடந்தது. ஒரு கண் அதில், ஒரு கண் அட்டவணையில். பொத்தானை அழுத்தினாள். மணியொலி முடிந்ததும், கணீரென்ற குரலில் சொன்னாள்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்த விரைவு ரயில் பதினேழு எண்பத்தொன்பது மணிக்கு இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பதினேழு நாற்பத்தெட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த வருடம் வாயில் வந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நேரத்துக்கு ரயில் விட்டாயிற்று! உடனே திருத்திச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு ஓடினாள்.

கீழே இருநூறு பேராவது இருப்பார்கள். ஒரு தலை நிமிரவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டார்.

கொஞ்ச நேரத்தில் நிலைய மேலாளர் படியேறி வந்தார். வந்தது ஸ்டேப்ளர் கேட்க. அவள் மென்று விழுங்கிக்கொண்டு தானே ஒப்புக்கொண்டாள்.

"சார், ஒரு அறிவிப்பு தப்பாயிடுச்சு. உடனே மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்படியா? நான் கவனிக்கலையே." அவர் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்க, உங்க குரல் எங்களுக்கெல்லாம் ஃபேன் சத்தம் மாதிரி. நின்னாதான் தெரியும்."

பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அழுகையாக வந்தது. பதினோரு வருடம் தொண்டை வற்றப் பேசியிருக்கிறாள். கேட்டது யார்?

தேர்வு அறையில் முதல் கேள்வியே பிரெஞ்சுப் புரட்சி. பேனாவைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. உதடு தானாக முணுமுணுத்தது.

"சத்தம் வராம எழுதுங்கம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

இருபத்தைந்து நிமிடம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறுகூடத் தேறாது போலிருந்தது. கடைசியில் கை தனக்குப் பழகிய வேலையைத் தானே செய்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அவசரமாகக் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள்?

படித்தால் என்ன, படிப்பார்கள். இந்தத் தாளைத் திருத்த யாரோ ஒருவர் கையில் எடுத்தே ஆக வேண்டும். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. அவர் நடுவில் குளிக்கப் போகலாம். ஆனால் திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து படித்தாக வேண்டும். கடைசி வரி வரைக்கும் படிப்பதுதான் அவர் வேலை. அம்மாவுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள்.

அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கஜானா காலியான கதையைச் சொன்னாள். ரொட்டி விலையைச் சொன்னாள். ஒரு பத்தி முடிந்ததும் அந்த ஆள் அப்புறம் என்று கேட்பதாக வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். கை வலித்தது, விரலெல்லாம் மை. உதடு மட்டும் அசையவே இல்லை.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது மேற்பார்வையாளர் அவள் பக்கமாக வந்தார்.

"முடிச்சாச்சாம்மா? கட்டிக் கொடுத்துடலாமா?"

"இன்னும் ஒரு தாள் கொடுங்க சார்," என்றாள் அவள். "அவங்ககிட்ட இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு."