நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு

பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, நண்பகல் செய்தியில் அரசு வானொலி ஒரு பொய்யைச் சொல்லிற்று. நிலநடுக்கத்தால் சிதைந்த நகரத்தில் மீட்புப் பணி முற்றுப்பெற்றது என்பதே அந்தப் பொய். மழை ஓய்ந்தது, வெயில் தாழ்ந்தது என்பதைப்போல, பணியும் தானாகவே முடிந்துவிட்டதாம். அது முடியவில்லை, முடித்துவைக்கப்பட்டது. முடித்துவைத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பதவியும் இருந்தது, வாகனமும் இருந்தது.

அந்தச் செய்தி ஒலித்தபோது பேருந்து நடத்துநர் ஒருத்தி இடிபாட்டுக் குவியலின்மேல் அமர்ந்து, உடைந்த தண்ணீர்க் குழாய் ஒன்றில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குவியலுக்கு அடியில்தான் அவளுடைய தங்கை இருந்தாள்.

நான்கு தளக் கட்டடம் அது. தரைத்தளத்தில் தையற்கூடம், தங்கைக்கு அங்கே பொத்தான் தைக்கும் வேலை. திங்கட்கிழமை காலை முறைக்கு அவசர அவசரமாகக் கிளம்பியவள், வழக்கம்போல அக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். 'எத்தனை தடவை சொல்றது இவளுக்கு' என்று முணுமுணுத்தபடி அக்கா தங்கையின் இறுக்கமான செருப்புக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்த வேளையில்தான் நிலம் நடுங்கிற்று. நடுக்கம் நின்றபோது நான்கு தளங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரு தளத்தின் உயரத்துக்குள் அடங்கிக் கிடந்தன.

முதலில் ஓடிவந்தது அரசு அன்று, பேருந்துப் பணிமனை. தெருக்கோடியில் இருந்த பணிமனைக்குத் தகரக் கூரை. அது சரிந்து விழுந்ததில் சிலருக்குத் தலையில் காயம்பட்டதே தவிர, உயிர் ஒன்றும் போகவில்லை. பழுதுபார்ப்போர் பேருந்தைத் தூக்கும் ஜாக்கிகளையும் சங்கிலிகளையும் இரும்புத் தடிகளையும் தோளில் சுமந்து வந்தார்கள். வந்த கையோடு, தங்கள் தொழிலின் விதி ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நடத்துநர் விசிலை ஒருமுறை ஊதினால் வண்டி நிற்க வேண்டும். இருமுறை ஊதினால் கிளம்ப வேண்டும். இது எல்லாப் பேருந்துக்கும் பொது. இந்தப் பணிமனையிலோ அதற்குமேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இறங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரை இழுத்துக்கொண்டு வண்டி கிளம்பியதால் வந்த கட்டுப்பாடு அது. நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு: தெருவில் போகிறவர் ஊதினாலும் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாக வேண்டும். கிளம்பச் சொல்லவோ, அந்த வண்டியின் நடத்துநருக்கு மட்டுமே உரிமை. வேறு எவர் ஊதினாலும், மேலாளரே வந்து ஊதினாலும், சக்கரம் அசையாது.

அந்தப் பணிமனையின் நடத்துநரான அக்கா இடிபாட்டிலும் அதையே நடைமுறைப்படுத்தினாள். அவள் ஒருமுறை ஊதினால் கடப்பாரைகள் நின்றன, ஜெனரேட்டர் அணைந்தது, தாய்மார் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். அனைவரும் தரையில் படுத்துக் காது கொடுத்தார்கள். அவள் இருமுறை ஊதிய பிறகே மறுபடியும் வேலை. திங்கள் மாலைக்குள் தெருவே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. தெருநாய்கூட அந்த நேரத்தில் குரைப்பதை விட்டுவிட்டதாகச் சலவைக்காரர் சத்தியம் செய்தார்.

புதன்கிழமை குழாயில் ஓர் ஒலி கேட்டது. இரும்பின்மேல் இரும்பு தட்டும் ஒலி. சற்று ஓய்ந்து, மீண்டும் தட்டியது. அன்றுதான் அரசின் மீட்புக் குழுவும் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் நல்ல இளைஞர்கள். குற்றம் அவர்களுடையது அன்று. அவர்களிடம் இரும்பு வெட்டும் கருவி ஒன்று இருந்தது. தூண் கம்பிகளை அது வெட்ட வெட்ட, குவியலுக்குள் ஒரு பொந்து திறந்துகொண்டே போயிற்று. வியாழன் மாலை, இன்னும் ஆள் உயரந்தான் பாக்கி என்ற நிலையில், கருவியைப் பிரதான சாலைக்குக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது. அங்கே குறுக்கே சரிந்து கிடந்த இரும்பு வளைவை அகற்ற வேண்டுமாம். மறுநாள் அமைச்சர் அந்த வழியாக வருகிறாராம்.

"தம்பி, உள்ள தட்டுற சத்தம் உனக்கும் கேக்குதுல்ல?" என்று அவள் குழுத் தலைவனைக் கேட்டாள்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கேக்குதுக்கா. மேலிடத்து ஆர்டர். விடியறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்துடறேன்."

விடிந்தது, கருவி வரவில்லை. பணிமனைக்காரர்கள் கையால் இழுக்கும் ரம்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக அறுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்ததே ஒழிய, கம்பி மசியவில்லை. வெள்ளி காலைக்குப் பிறகு குழாயிலும் ஒலி இல்லை.

கருவிக்குப் பதிலாக வந்தது மேடை. குவியலுக்கு எதிரே இருந்த திடலில் பந்தல் எழுந்தது, நாற்காலிகள் வந்தன, மைக் வந்தது. மைக்குக்கு மின்சாரம் வேண்டும் என்று பணிமனையின் ஜெனரேட்டரிலிருந்தே கம்பி இழுத்தார்கள்.

"நிலம் ஆடினது அரை நிமிஷம், இவங்க வந்து சேர நாலு நாள். நிலத்துக்கு இருக்கிற சுறுசுறுப்பு இவங்களுக்கு இல்லையே" என்றார் சலவைக்காரர்.

"சும்மா இருய்யா. கண் கெட்ட பிறகாவது வந்தாங்களே" என்றாள் அவர் மனைவி.

"வந்தது கண்ணு குடுக்க இல்லடி. குருடாயிட்டோமான்னு பாத்துட்டுப் போக."

நிவாரண அதிகாரி நடத்துநரைத் தேடி வந்தார். அவருடைய சட்டையில் இன்னும் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. நாலு நாள் ஆகிப்போச்சு. இனிமே மெஷின் வெச்சு அள்ளுறதுதான் முறை. நோய் பரவிடும் பாருங்க."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"கடைசியா எப்பச் சத்தம் கேட்டுது?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை; உண்மையைச் சொன்னால் அவரே வென்றுவிடுவார்.

"பாத்தீங்களா. நாலு மணிக்கு ஐயா வந்து அறிவிப்பார். அவர் பேசி முடிச்சதும் பொக்லைன் வேலையத் தொடங்கும். நீங்களும் முன்வரிசையில உக்காரலாம். உங்களுக்குன்னு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"நாலு நாளா கல்லு மேல உக்காந்து பழகிப்போச்சு சார். நாற்காலி வேற யாருக்காவது ஆகும்."

பொக்லைன் வந்தது. அதன் இருக்கையில் இருந்தவர் அவளுடைய பேருந்தின் ஓட்டுநர். ஆமை என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் வண்டியில் ஏறினால் அலுவலகத்துக்குப் போகலாம், நேரத்துக்குப் போக முடியாது என்பார்கள். கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரையும் அரசு வேலைக்குப் பிடித்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், இயந்திரத்தின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீயுமா அண்ணே?"

"நான் வரலைன்னா தெரியாதவன் ஒருத்தனை உக்கார வெப்பாங்கம்மா. அவன் சல்லுனு அள்ளிடுவான். நானா இருந்தா மெதுவாவாவது அள்ளுவேன்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு குழாய்க்குத் திரும்பினாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. சைரன்கள் அலறிக்கொண்டு வந்தன. அமைச்சர் இறங்கினார், மேடை ஏறினார், துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். தம் இதயம் நொறுங்கிக் கிடப்பதாகத் தொடங்கினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று எவரோ சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. கூட்டம் முன்னால் நெருக்கிற்று. கல்லை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க வந்தவர்கள் அவர்கள். மேடையோரம் நின்ற இளம் காவலர் ஒருவர், கூட்டத்தை விலக்குவதற்காகத் தம் ஊதலை எடுத்து நீளமாக ஒருமுறை ஊதினார்.

வேறு எந்த இடத்துக் கூட்டமாக இருந்தாலும் விலகி வழிவிட்டிருக்கும். இந்தத் தெரு நின்றது.

ஆமையின் கால் பிரேக்கை மிதித்தது. கை இயந்திரத்தை அணைத்தது. ஜெனரேட்டர் அருகே அரைத்தூக்கத்தில் இருந்த பணிமனைக்காரர் பதறி எழுந்து அதை நிறுத்தினார். மைக் செத்தது. 'மீட்புப் பணி முற்றுப்' என்பதோடு அமைச்சரின் பேச்சு அறுந்தது. குழந்தைகளின் வாய்கள் பொத்தப்பட்டன. முந்நூறு பேர் இருந்த இடத்தில், காலுக்கடியில் சரளை நெரியும் ஒலிகூட இல்லை. என்ன நடந்தது என்று விளங்காத அமைச்சரின் ஓட்டுநர், தாமும் எதற்கு வம்பு என்று சைரனை அணைத்தார்.

நடத்துநர் குழாயின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். காதைக் குழாயில் அழுத்திக்கொண்டு, கண்களை மூடினாள்.

டக்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டக். நகத்தால் சுரண்டுவதைப்போல அத்தனை மெலிவு. அவள் கையை உயர்த்தினாள். அந்தக் கையைத் தெரு முழுவதும் பார்த்தது.

"என்னய்யா இது கூத்து? மெஷினை எடுய்யா" என்று அதிகாரி ஆமையிடம் பாய்ந்தார்.

"ரெண்டு விசில் வரல சார்."

அதிகாரி காவலர் பக்கம் திரும்பினார். "நீதானே ஊதின? ரெண்டு ஊது."

காவலர் ஊதலை வாயருகே கொண்டுபோனார். குவியலின்மேல் உயர்ந்திருந்த கையைப் பார்த்தார். ஊதலைக் கீழே இறக்கினார். அதிகாரி அதைப் பிடுங்கித் தாமே இருமுறை ஊதினார். மூச்சு முட்ட மறுபடியும் ஊதினார். ஒரு கடப்பாரைகூட அசையவில்லை.

"அது உங்க வண்டி இல்ல சார்" என்றார் ஆமை, மிகப் பணிவாக.

"உன் வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சார். எப்படியும் மெதுவாத்தான் போகும்."

அந்த அமைதிக்கு நடுவே அமைச்சர் மேடையில் நின்றார். பேசுவதற்கு ஒலி இல்லை. இறங்குவதற்கு வழி இல்லை. சலவைக்காரர் விரலை உதட்டில் வைத்து அவருக்குச் சைகை காட்டினார். அமைச்சரும் வாயை மூடிக்கொண்டார்.

நடத்துநர் எழுந்து நின்றாள். தொண்டை கட்டிப்போயிருந்தாலும், அத்தனை அமைதியில் அவள் சொன்னது கடைசி ஆளுக்கும் எட்டிற்று.

"உள்ள உசுரு இருக்கு. வெட்டுற மெஷின் பிரதான ரோட்டுல சும்மா நிக்குது. அது இங்க வந்து சேர்ற வரைக்கும் நான் ரெண்டு விசில் ஊத மாட்டேன். அதுவரைக்கும் இந்தத் தெருவுல பேச்சும் கிடையாது, காரும் கிடையாது."

கார்களைச் சுற்றிக் கூட்டம் அமர்ந்தது. ஒருவர்கூடக் கோஷம் போடவில்லை. அரசுக்கு எதிராக அதற்கு முன் எதுவும் செய்தறியாத தையற்காரிகளும் முடிதிருத்துபவர்களும் பேச்சற்றுக் கைகட்டி அமர்ந்திருந்தார்கள். வியாழன் மாலை முதல் அழுதும் கெஞ்சியும் வராத கருவி, அமைச்சரின் வழி அடைபட்டதும் பறந்து வந்தது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்திருந்த குழுத் தலைவன் ஓட்டமும் நடையுமாக அதன் முன்னே வந்தான், அவளைப் பார்க்கவில்லை. அவள் இருமுறை ஊதினாள்.

இருட்டுவதற்குள் பொந்து திறந்தது. முதலில் வெளியே வந்தவர் துணி வெட்டும் பெண்மணி. எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர். உயிர் இருந்தது. கையில் பெரிய கத்தரிக்கோல் ஒன்று இருந்தது; விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

நடத்துநரைக் கண்டதும் பெரியக்கா சொன்னார்: "உன் தங்கச்சிதான்டி தட்டிக்கிட்டே இருந்தா. 'எங்க அக்கா வெளிய விசில் ஊதுறா, எனக்குக் கேக்குது'ன்னு சொல்லிக்கிட்டே தட்டினா. நேத்து ராத்திரி மெஷின் சத்தம் நின்னு போச்சுல்ல, அப்பவும் தட்டினா. இன்னிக்கு விடிஞ்சதும் கை ஓஞ்சுபோச்சு. கத்தரிக்கோல என் கையில குடுத்து, 'நீங்க தட்டுங்கக்கா, அவ போயிட மாட்டா'ன்னா. அப்புறம் பேசல."

தங்கையை அடுத்துத் தூக்கிவந்தார்கள். அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தில் அப்பியிருந்த சிமெண்டுத் தூளைத் தன் சீருடையின் நுனியால் துடைத்தாள். உடம்பில் இன்னும் வெதுவெதுப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றிற்று. அழவில்லை, அழுகை வேறொரு நாளைக்கு என்று ஒதுக்கிவைத்தவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வானொலி சொல்லிற்று: மாண்புமிகு அமைச்சரின் நேரடி மேற்பார்வையில் ஒரு பெண்மணி உயிருடன் மீட்கப்பட்டார்.

அடுத்த வாரம் நிவாரண அதிகாரி நடத்துநரின் கூடாரத்துக்கு வந்தார். இந்தமுறை குரலில் மரியாதை கூடியிருந்தது. இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஒரேயொரு கையெழுத்துப் போதும்.

"தேதி திங்கட்கிழமைன்னு போட்டிருக்கும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம். நிலநடுக்கத்துல இறந்தவங்கதானே எல்லாரும்."

"என் தங்கச்சி வெள்ளிக்கிழமை செத்தா சார்."

"அது ஒரு நடைமுறைம்மா. நாலு நாள் முன்னபின்ன இருந்தா என்ன ஆகிடப்போகுது?"

"திங்கக்கிழமைன்னு எழுதினா நிலம் கொன்னதுன்னு ஆகும். வெள்ளிக்கிழமைன்னு எழுதினா யார் கொன்னாங்கன்னு நீங்க சொல்ல வேண்டி வரும். அதானே சார் விஷயம்?"

அதிகாரி பேனாவை மூடினார். அவள் கையெழுத்துப் போடவில்லை, இன்றுவரை போடவில்லை. தனக்கு வர வேண்டிய உதவி எதையும் வாங்கவுமில்லை. காலையில் பேருந்துக்குப் போகிறாள். வேலை போகாத ஆமை இப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார். மாலையில் பதிவு அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, சாளரத்துக்கு முன் ஒரே சொல்லைச் சொல்கிறாள்: "வெள்ளிக்கிழமை." அவளுக்குப் பின்னால் இப்போது வேறு சிலரும் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் புதன்கிழமை என்கிறார். ஒருவர் வியாழக்கிழமை என்கிறார்.

திடலில் நினைவுக்கல் எழும்புகிறது. அதில் பொறிக்கப்போவது ஒரே நாள், திங்கட்கிழமை. கல்லைத் திறக்கும்போது உங்களையும் அழைப்பார்கள். தலைகுனிந்து நிற்கச் சொல்வார்கள். இதைப் படிக்கின்ற நீங்கள், தலையைக் குனிவதற்கு முன் நிமிர்ந்து நின்று ஒன்றைக் கேளுங்கள்: திங்கட்கிழமைக்குப் பிறகு இறந்தவர்கள் எங்கே? பெயரும் பதவியும் சேர்ந்த ஒரு பதில் வரும்வரை, அந்தக் கல்லின் திரையை விலக்க விடாதீர்கள்.